தாயகத்தில் கோட் சூட் தைப்பிக்க எண்ணுவோருக்கு

கலியாண வரவேற்புக்கோ, பட்டமளிப்புக்கோ, அலுவலகத்துக்கோ அளவெடுத்துத் தைத்த கோட் சூட் ஒன்றைத் தாயகப் பயணத்தின்போது செய்வித்துக்கொண்டு வரலாம் என்று கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். எண்ணம் நல்லதுதான். வாழும் நாட்டில் தையற்காரர் ஒருவர் கேட்கும் கூலியோடு ஒப்பிட்டால் சென்னையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஆகும் செலவு மிகக் குறைவு. நல்ல வெட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். இருந்தும் பலருக்கு அது சரிவராமற் போகிறது என்றால், பெரும்பாலும் அதற்குக் காரணம் துணியும் அன்று, தையற்காரரின் திறமையும் அன்று. அவருக்குக் கொடுத்த நாட்கள் போதாமையே. பயணத்தின் கடைசி வாரத்தில் கடையேறி, விமானத்துக்கு முதல்நாள் மாலை உடுப்பைப் பெற்றுக்கொள்பவருக்கு, கோட்டின் கழுத்துப் பட்டி பிடரியை விட்டு விலகி நிற்கிறது என்று தெரிந்தாலும் அதைத் திருத்துவிக்க நேரம் இராது.

ஆகவே முதலில் நாட்களைத் திட்டமிடுங்கள். ஒழுங்காகத் தைக்கப்படும் கோட்டுக்காக நீங்கள் குறைந்தது மூன்று முறை கடைக்குப் போகவேண்டும்: அளவு கொடுக்க ஒரு முறை, வெள்ளை நூலால் தற்காலிகமாக நூலோட்டி வைத்திருக்கும் நிலையில் போட்டுப் பார்க்க ஒரு முறை, முடித்தபின் போட்டுப் பார்க்க ஒரு முறை. அந்தக் கடைசிப் பார்வைக்குப் பிறகும் சிறு திருத்தங்களுக்காக மூன்று நாட்களேனும் கையில் இருக்கவேண்டும். வந்திறங்கிய களைப்புத் தீர்ந்ததும், உறவினர் வீடுகளுக்குப் போய்வரத் தொடங்கும் முன்னரே, துணிக்கடைக்கும் தையற்கடைக்கும் போய்விடுவது நல்லது. இரண்டு வாரங்களுக்குக் குறைவாகத் தங்குபவர்கள் காற்சட்டையும் சட்டைகளும் தைப்பித்துக்கொண்டு, கோட்டை அடுத்த பயணத்துக்கு விட்டுவிடுவதே என் ஆலோசனை. ஒரே நாளில் சூட் தைத்துத் தருவோம் என்று சொல்லும் இடங்களில் நூலோட்டிப் பார்க்கும் கட்டம் பெரும்பாலும் இருப்பதில்லை. கோட்டின் தோளும் கழுத்தும் சரியாவது அந்தக் கட்டத்தில்தான்.

எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதும் முக்கியம். ஆடியில் நம்மவர் கலியாணம் வைப்பதில்லை. ஆதலால் ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் நடுப்பகுதிவரை தையற்காரர்களுக்குக் கலியாண வேலை குறைவு. வெளிநாட்டுப் பாடசாலை விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் அந்தக் காலத்தையொட்டியே வருவதால், நம்மவருக்கு இதைவிடப் பொருத்தமான காலம் அமையாது. மார்கழியிலும் கலியாணம் இல்லைதான். ஆனால் நத்தார், பொங்கல், தை மாத முகூர்த்தங்கள் என்று வேலை குவிந்துவிடுகிறது. தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முந்திய வாரங்களில் பல கடைகள் புதிய வேலை எடுப்பதில்லை. ஏப்ரல் நடுப்பகுதியில் புத்தாண்டுக்காகக் கொழும்புக் கடைகள் பல மூடப்பட, தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பிவரும் நாளை யாரும் உறுதியாகச் சொல்லமாட்டார்கள்.

எங்கே தைப்பிப்பது என்ற கேள்விக்கு என் விடை எளியது: நீங்கள் அதிக இரவுகள் தங்கும் ஊரில் தைப்பியுங்கள். சென்னையில் தியாகராய நகரின் பாண்டி பஜாரும் உஸ்மான் சாலையும் துணிக்குப் பேர்போனவை. அண்ணா சாலைப் பக்கத்தில் கோட்டுக்கென்றே பெயரெடுத்த பழைய தையலகங்கள் உண்டு. மும்பைக்கு அருகே தானேயில் 1925-இல் தொடங்கிய ரேமண்ட் போன்ற ஆலைகளின் துணியை அவற்றின் சொந்தக் கடைகளிலேயே வாங்கலாம். கொழும்பில் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் துணி வாங்கி, வெள்ளவத்தையில் தமிழ் பேசும் தையற்காரரிடம் கொடுப்பது பலருக்கும் வசதி. யாழ்ப்பாணத்தில் நவீன சந்தையையும் அதைச் சூழ்ந்த வீதிகளையும் பாருங்கள். சூட் துணியில் தெரிவு குறைவாக இருக்கலாம், ஆனால் மூன்றாம் முறையும் நான்காம் முறையும் போய்வருவது எளிது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் இடையிலான விமான சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியபின், சென்னையில் துணியை எடுத்து யாழ்ப்பாணத்தில் தைப்பிப்பதும் கைகூடும் காரியமே. கொழும்பில் அளவு கொடுத்துவிட்டு யாழ்ப்பாணத்தில் இருந்துகொள்வதுதான் சரிவராத ஏற்பாடு. இடைத்தூரம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். போட்டுப் பார்ப்பதற்காக யாரும் அத்தனை தூரம் திரும்பிப் போவதில்லை.

தையற்காரரைத் தேர்வதில் ஒரு எச்சரிக்கை. உறவினர் பரிந்துரைக்கும் தையற்காரர் சட்டையும் காற்சட்டையும் அருமையாகத் தைப்பவராக இருக்கலாம்; கோட் வேறு தொழில். “மாஸ்டர், இப்போது தைப்பில் இருக்கும் கோட் ஒன்றைக் காட்டுவீர்களா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் அதைப் பெருமையோடு எடுத்துக் காட்டுவார். காட்டும்போது மார்புப் பகுதியில் வெளித்துணியை ஒரு கையாலும் உட்துணியை மறு கையாலும் பிடித்து மெல்லப் பிரித்துப் பாருங்கள். நடுவே மூன்றாவதாக ஒரு படலம் தனியே நழுவினால் உள்ளே கான்வாஸ் என்னும் விறைப்பான இடைத்துணியை வைத்துத் தைத்திருக்கிறார்கள். வெளித்துணியோடு ஒட்டிக்கொண்டு தடிப்பாக இருந்தால் அது பசை தடவிய துணியை வெப்பத்தால் ஒட்டும் ஃபியூசிங் முறை. ஃபியூசிங் மலிவு, விரைவு. ஆனால் சில தடவை உலர்சலவைக்குப் போனபின் மார்பில் கொப்புளம்போல் எழும்பக்கூடும், எழும்பினால் அதற்கு மருந்தில்லை. முழுக் கான்வாஸுக்குச் செலவு கூடுதல் என்றால் மார்புக்கும் கழுத்திலிருந்து முன்னால் மடிந்து கிடக்கும் மடிப்புப் பட்டிக்கும் மட்டும் கான்வாஸ் வைக்கும் அரைக் கான்வாஸ் முறையைக் கேளுங்கள். பெரும்பாலானோருக்கு அது போதும். அளவெடுப்பவர் ஒருவராகவும் வெட்டுபவர் இன்னொருவராகவும் தைப்பவர் வேறிடத்திலும் இருப்பது வழக்கம், அது குறையன்று. போட்டுப் பார்க்கும் நாளில் வெட்டியவர் நேரில் இருக்கவேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடாதீர்கள்.

துணி விடயத்தில் நம்மவர் அடிக்கடி மறப்பது, சூட்டை எங்கே அணியப்போகிறோம் என்பதை. சென்னைக் கடையில் கைக்கு இதமாகத் தெரியும் மெல்லிய துணி ரொறன்ரோவின் நவம்பருக்குப் போதாது. ஒஸ்லோவுக்கு ஏற்ற கனத்த துணியைச் சென்னை மண்டபத்தில் அணிந்து நிற்பது வேதனை. ஒன்றரை மீற்றர் அகலத் துணியில் மீற்றர் ஒன்றுக்கு 250 முதல் 280 கிராம்வரை நிறையுள்ள கம்பளி இரண்டுக்கும் நடுவான தெரிவு. குளிருக்கென்றே எடுப்பவர்கள் 320 கிராமுக்கு மேல் கேட்கவேண்டும். சூப்பர் 100, சூப்பர் 120 என்று எழுதியிருப்பது நாரின் மென்மையைக் குறிக்கும், துணியின் ஆயுளை அன்று. சூப்பர் 100 கம்பளியின் நார்த் தடிப்பு சராசரியாக 18.75 மைக்ரோனுக்கு (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மிகாது. சூப்பர் 120 என்றால் 17.75 மைக்ரோனுக்கு மிகாது. எண் ஏற ஏறத் துணி மென்மையாகும், ஆனால் பொதுவாக எளிதில் கசங்கும், முழங்காலில் விரைவில் தேயும். அடிக்கடி அணிவதற்கு 100 அல்லது 110 போதுமானது.

கம்பளி என்று சொல்லி பொலியெஸ்டர் கலந்த துணியை எடுத்துப் போடுவதும் உண்டு. முதலில் துணியின் கரையில் நெய்திருக்கும் எழுத்தை வாசியுங்கள். ஆலையின் பெயரையும் பல வேளைகளில் கலப்பையும் அங்கே காணலாம். ஐயம் தீராவிட்டால் வெட்டு முனையிலிருந்து இரண்டு மூன்று நூலை உருவி, கடைக்காரரின் அனுமதியோடு தீக்குச்சியில் காட்டுங்கள். கம்பளி மெதுவாகக் கருகி, முடி பொசுங்கும் நாற்றம் எழுப்பி, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலை விடும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் சேர்ந்து தெரியும். கலப்புத் துணி கெட்டதன்று. மாப்பிள்ளைத் தோழனாக ஒரு மாலை நிற்பவருக்கு அதுவே போதும். கம்பளியின் விலைக்கு அதை வாங்கவேண்டியதில்லை, அவ்வளவுதான்.

நடுத்தர உயரமுள்ளவருக்குக் கோட்டும் காற்சட்டையுமாக மூன்றே கால் மீற்றர் தேவைப்படும். இடையங்கி சேர்த்தாலோ, கட்டங்கள் கோடுகள் உள்ள துணியென்றாலோ இன்னும் கொஞ்சம் கூட்டி எடுங்கள், ஏனெனில் கட்டங்களைத் தையலில் நேர்செய்யத் துணி வீணாகும். உட்துணிக்குப் பொலியெஸ்டர் வேண்டாம், விஸ்கோஸ் வையுங்கள் என்று சொல்லுங்கள். வியர்வையில் வித்தியாசம் தெரியும். வரவேற்புக்காகத் தைப்பவர்கள் மணமகளின் சேலையை, அல்லது அதன் ரவிக்கைத் துணியில் ஒரு துண்டையாவது கொண்டுபோய்க் கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கடை விளக்கின் கீழ் கடும் நீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும்.

அளவு கொடுக்கப் போகும்போது, சூட்டோடு அணியப்போகும் சப்பாத்தையும் முழுக்கைச் சட்டையையும் அணிந்து செல்லுங்கள். செருப்போடும் ரீசேட்டோடும் கொடுத்த அளவில் கால் நீளமும் கை நீளமும் தவறும். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பழைய கோட் ஒன்று இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள். அதை அப்படியே நகலெடுக்கச் சொல்லவேண்டாம். எது பிடித்திருக்கிறது, எது பிடிக்கவில்லை என்று தொட்டுக் காட்டத்தான். மாஸ்டர் நாடாவைப் பிடித்து எண்களைச் சொல்லச் சொல்ல, உதவியாளர் அளவுப் புத்தகத்தில் எழுதி, உங்கள் துணியில் ஒரு நகத்தளவு வெட்டி அந்தப் பக்கத்திலேயே பின் அடித்து வைப்பார். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அண்ணனிடமோ மச்சானிடமோ சொல்லி இன்னொரு காற்சட்டை தைப்பிக்க அது உதவும். கோட்டுக்கு மட்டும் நீங்கள்தான் போகவேண்டும். அளவெடுக்கும்போது வயிற்றை எக்கி நிற்காதீர்கள். ஒரு தோள் சற்று இறங்கியிருப்பது பலருக்கும் உண்டு. மாஸ்டர் அதைக் கவனித்து எழுதுகிறாரா என்று பாருங்கள், எழுதாவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

நூலோட்டிப் பார்க்கும் நாளில் முழுக் கவனமும் தோளிலும் கழுத்திலும் இருக்கட்டும். கையும் தோளும் சேரும் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்கவேண்டும். அதற்கு வெளியே போனால் கோட் உங்கள் மூத்தவருடையதுபோல் இருக்கும். கோட்டின் கழுத்து சட்டையின் கழுத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கவேண்டும், கையை முன்னே நீட்டினாலும் பெரிதாக விலகக்கூடாது. பொத்தானைப் போட்டதும் அங்கிருந்து பெருக்கல் குறிபோலச் சுருக்கம் ஓடினால் இடுப்பு இறுக்கம். சட்டையின் மணிக்கட்டுப் பட்டி அரை அங்குலம் வெளியே தெரியவேண்டும். நம் ஊர்களில் தோளுக்குத் தடித்த பஞ்சு வைப்பதும், பிறகு குறை சொல்லக்கூடாதென்று எல்லாவற்றையும் சற்றுத் தொளதொளவென்று விடுவதும் பரவலான பழக்கம். மெல்லிய பஞ்சு போதும், உடம்போடு ஒட்டி வரட்டும் என்று அளவு கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். கை நீளத்தையும் இடுப்பையும் பின்னால் திருத்தலாம். முடிந்த கோட்டில் தோளைத் திருத்துவது ஏறக்குறைய புதிதாகத் தைப்பது போன்றது. கை முனையின் பொத்தான் துளைகளை உண்மையிலேயே திறக்கும்படி வெட்டுவதென்றால், கை நீளம் முடிவான பிறகே காஜா எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் வற்புறுத்திக் கேளுங்கள்: உள்ளே துணி விடவேண்டும். காற்சட்டையின் பின்நடுத் தையலில் பக்கத்துக்கு ஓர் அங்குலமும், கால் மடிப்பில் இரண்டு அங்குலமும், கோட்டின் பக்கத் தையல்களில் முக்கால் அங்குலமும் இருந்தால், சில ஆண்டுகள் கழித்து உடம்பு பருத்தாலும் நீங்கள் வாழும் ஊரின் தையற்காரரே பெரிதாக்கித் தருவார். மிஞ்சிய துணியையும் இரண்டு மூன்று பொத்தான்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிழிசலோ பூச்சி அரிப்போ வந்தால் அதே துணியின் நூலால் நெய்து மூட அது தேவைப்படும்.

முற்பணமாகப் பாதியைக் கொடுத்து, மீதியை இறுதிப் பார்வைக்குப் பிறகு கொடுப்பது இரு தரப்புக்கும் நியாயம். பற்றுச்சீட்டில் கான்வாஸ் வகை, உட்துணி, போட்டுப் பார்க்கும் திகதிகள் ஆகிய மூன்றையும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். சிறிய கடைகளில் வெளிநாட்டு அட்டைகள் செல்லாமற் போகலாம், கைப்பணம் வைத்திருங்கள். கூலியில் அதிகம் பேரம் பேசவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. துணியின் விலையில் பேசுங்கள். கோட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பல மணி நேரம் ஊசி பிடிப்பவரின் கூலியில் குறைத்தால், அந்தக் குறைவு தையலில் வந்து நிற்கும்.

திரும்பும்போது கோட்டின் ஒரு தோளை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, மற்றத் தோளை அதற்குள் செருகி, உறையிலிட்டுக் கைப்பொதியில் எடுத்துச் செல்லுங்கள்; பெரிய பயணப்பொதியில் வைத்தால் மடிப்புப் பட்டி நசுங்கும். பற்றுச்சீட்டும் கையில் இருக்கட்டும். கனடாவில் வசிப்பவர்கள் 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்து திரும்பினால் 800 கனடிய டொலர்வரையும், பிரித்தானியாவுக்குள் 390 பவுண்வரையும், விமானத்தில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 430 யூரோவரையும் பெறுமதியான பொருட்களை வரியின்றிக் கொண்டுவரலாம். சுவிற்சர்லாந்தில் 2025 ஜனவரி முதல் ஒருவருக்குரிய அந்த வரம்பு 300 பிராங்கிலிருந்து 150 பிராங்காகக் குறைக்கப்பட்டுள்ளது. சூட்டோடு சேலைகளையும் கொண்டுவரும் சுவிஸ் குடும்பங்கள் பொருட்களை ஒவ்வொருவருடைய பெயரிலும் தனித்தனிப் பற்றுச்சீட்டில் வாங்கி, பெறுமதி அந்த வரம்பைத் தாண்டுமானால் சுங்கத்தில் தாமாகவே அறிவித்துவிடவேண்டும்.