பலவீனமும் கிருபையும்: தினத் தியானம் எழுதத் தொடங்குவோருக்கு

குடும்ப ஜெபத்திலோ சபையின் வாட்ஸ்அப் குழுவிலோ நாளுக்கொரு தியானம் கொடுக்கும் பொறுப்பை ஏற்றவர்களுக்கான குறிப்பு இது. விசுவாசம், பலவீனம், கிருபை ஆகியவற்றை வைத்து ஒரு வாரத்துக்கு எழுதுவதாக எடுத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 200 முதல் 250 சொற்கள் போதும். சத்தமாக வாசித்தால் இரண்டரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டினால் பிரசங்கம் ஆகிவிடும்.

இணைவசனம் போட்ட அச்சு வேதாகமம், ஒரு நோட்டு, சிவப்பும் நீலமுமாக இரண்டு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். வசனம் தேட செயலி நல்லதுதான். ஆனால் முதல் வாசிப்புக்கு அச்சு வேதாகமம்தான் வேண்டும் என்பேன். போன் திரையில் வசனம் தனியாக வந்து நிற்கும், முன்னும் பின்னும் என்ன இருக்கிறதென்று கண்ணில் படாது.

1. வசனம் தேடாமல் பகுதி தேடுங்கள்

வாக்குத்தத்த அட்டையில் “என் கிருபை உனக்குப்போதும்” (2 கொரிந்தியர் 12:9) என்று மட்டும் இருக்கும். அந்த ஒரு வரியை வைத்து எழுதினால், கேட்டதெல்லாம் கிடைக்கும் என்ற தொனி தானாக வந்துவிடும். 7-ம் வசனத்திலிருந்து வாசியுங்கள். மாம்சத்தில் இருந்த முள் (அவரை வாதித்த ஒரு துன்பம்) நீங்கும்படி பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். நீக்கிவிடுகிறேன் என்ற பதில் வரவில்லை, வந்த பதில் இந்த வசனம்தான். இதைச் சொல்லாமல் 9-ம் வசனத்தைச் சொன்னால், பல வருடம் ஜெபித்தும் வியாதி தீராத ஒருவருக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது.

ஒரு வாரத்துக்கு இந்த வரிசை நன்றாக அமையும்: திங்கள் 1 இராஜாக்கள் 19:1-8, செவ்வாய் மாற்கு 9:14-29, புதன் 2 கொரிந்தியர் 12:7-10, வியாழன் ரோமர் 8:26-27, வெள்ளி சங்கீதம் 88, சனி லூக்கா 22:31-34 மற்றும் 54-62, ஞாயிறு யோவான் 21:1-17. சனியையும் ஞாயிறையும் பிரிக்காதீர்கள். பேதுரு மறுதலித்தது கரிநெருப்பின் அருகில் (யோவான் 18:18), உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் மீனும் அப்பமும் வைத்து அவனை அழைத்ததும் கரிநெருப்பின் அருகில்தான் (21:9).

2. மூன்று முறை வாசியுங்கள்

முதலில் மனதுக்குள், அடுத்து வாய்விட்டு. மூன்றாம் முறை வாசிக்கும்போது, தேவன் செய்வதைச் சிவப்பிலும் மனிதர் செய்வதை நீலத்திலும் நோட்டில் குறியுங்கள். கால் மணி நேர வேலை, ஆனால் தியானத்தின் எலும்புக்கூடே இதுதான்.

திங்கட்கிழமைக்கான எலியாவின் பகுதியைப் (1 இராஜாக்கள் 19) பார்ப்போம். நீலத்தில் வருவது: பயந்து ஓடினான், சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்தான், சாகவேண்டும் என்று கேட்டான், தூங்கினான். சிவப்பில் வருவது: தூதன் தட்டி எழுப்பினான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன, இரண்டாம் முறையும் எழுப்பினான், “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்றான். இதில் கடிந்துகொள்ளுதல் ஒன்றுகூட இல்லை. “இங்கே உனக்கு என்ன காரியம்” என்ற கேள்வி 9-ம் வசனத்தில்தான் வருகிறது, அதுவும் அவன் தூங்கி, சாப்பிட்டு, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்கு வந்தபிறகு. இந்த வரிசையை அப்படியே எழுதினாலே தியானத்தில் பாதி முடிந்தது.

3. கடைசிப் பத்தி: அதிகம் சறுக்கும் இடம்

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் தியானம் கடைசி மூன்று வரியில் கெட்டுப்போவது மிக வழக்கம். “ஆகவே பிரியமானவர்களே, நாமும் சோர்ந்துபோகாமல் ஜெபிக்கவேண்டும், விசுவாசத்தில் உறுதியாயிருக்கவேண்டும், சாட்சியாய் ஜீவிக்கவேண்டும்.” கேட்பவரின் கையில் இப்போது மூன்று புதிய வேலைகள் இருக்கின்றன. சோர்ந்துபோனவனுக்குத் தேவன் அடையும் தண்ணீரும் கொடுத்தார் என்று சொல்லிவிட்டு, நாம் அவனை உடனே வேலைக்கு அனுப்பிவிட்டோம்.

இப்படி ஆவதற்குக் காரணம், தியானம் என்றால் புத்திமதி சொல்லி முடிக்கவேண்டும் என்ற பழக்கம். எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியில் “நாம்” என்று தொடங்கி “வேண்டும்” என்று முடியும் வாக்கியங்களை எண்ணுங்கள். ஒன்று இருக்கலாம். இரண்டு இருந்தால் ஒன்றை அடித்துவிட்டு, அந்த இடத்தில் சிவப்பில் குறித்த ஒரு வரியை வையுங்கள். உதாரணமாக: “எலியா கேட்டது சாவு. தேவன் அனுப்பியது ஆகாரம். இன்று ஜெபிக்க வார்த்தை வராவிட்டாலும், உங்களுக்காக வேண்டிக்கொள்ளுகிற ஆவியானவர் இருக்கிறார்.” இதில் கட்டளை ஏதும் இல்லை, ஆனாலும் கேட்பவர் ஜெபிக்கத் தொடங்குவார்.

விசுவாசத்தைப் பற்றி எழுதும் செவ்வாய்க்கிழமையும் இதே கவனம் வேண்டும். “என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கதறிய தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். அவனுடைய விசுவாசம் பெரிதாக இருந்தது என்று எழுதிவிடாதீர்கள், பகுதியில் அப்படி இல்லை.

4. பலவீனம் எது, பாவம் எது

2 கொரிந்தியர் 12:10-ல் பவுல் அடுக்குவது பலவீனங்கள், நிந்தைகள், நெருக்கங்கள், துன்பங்கள், இடுக்கண்கள். எல்லாம் அவர்மேல் வந்து விழுந்தவை. அவர் பிறருக்குச் செய்த கேடு எதுவும் இதில் இல்லை. ஆகவே “கோபம் என் பலவீனம்” என்று சொல்லி மனைவியை அடிப்பவருக்கு இந்தப் பகுதியில் ஆறுதல் கிடையாது, அவருக்கு மனந்திரும்புதல்தான் வழி. அடி வாங்குகிறவரிடம் “இது உன் முள், பொறுத்துக்கொள்” என்று சொல்வது அதைவிடக் கொடுமை. இரண்டையும் தவிர்க்க, “பலவீனம்” என்று எழுதும் இடத்திலெல்லாம் எதைச் சொல்கிறீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்: முதுகுவலி, வேலையிழப்பு, முதுமையின் மறதி, பேச்சு வராத தயக்கம்.

அந்த முள் இன்னது என்று தீர்மானிக்கவும் வேண்டாம். கலாத்தியர் 4:13-15-ஐ வைத்துக் கண்நோய் என்பார் உண்டு, எதிராளிகள் என்பாரும் உண்டு. வேதம் சொல்லவில்லை. கண்நோய் என்று எழுதினால், கண் நன்றாயிருப்பவர் கடந்துபோய்விடுவார்.

5. ஜெபம்

மூன்று வாக்கியம். பகுதியில் உள்ள சொல் ஒன்றாவது அதில் வரட்டும். தியானத்தில் பேசாத புதிய விஷயத்தை ஜெபத்தில் நுழைக்காதீர்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

சங்கீதம் 88 இருளில் முடிகிறதே, ஆறுதலாக வேறொரு வசனம் சேர்க்கலாமா? சேர்க்காதீர்கள். முதல் வசனத்தில் சங்கீதக்காரன் “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்று கூப்பிடுகிறான், அதைச் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை இருள் இருக்கட்டும்.

மனச்சோர்வில் இருப்பவர் இதைக் கேட்டு மருந்தை நிறுத்திவிட்டால்? நியாயமான பயம். எலியா நாளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: தூக்கத்தையும் ஆகாரத்தையும் கொடுத்த தேவன் வைத்தியரையும் கொடுக்கிறார், மருந்தைத் தொடருங்கள். பவுலோடு இருந்த லூக்கா வைத்தியர்தான் (கொலோசெயர் 4:14).

குரல் பதிவாக அனுப்பினால், வசனப் பகுதி முழுவதையும் முதலில் வாசியுங்கள். நேரம் போதவில்லை என்றால் உங்கள் விளக்கத்தைக் குறையுங்கள், பகுதியைக் குறைக்காதீர்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவுசெய்யுங்கள், காது மந்தமான பெரியவர்களுக்குச் சொல் தெளிவாகக் கேட்கும்.