ஆர்க்கைக் கொன்றும் பாயிண்டில் தோற்றால்

வேளச்சேரியில் நண்பன் வீட்டு டைனிங் டேபிளில் வார்ஹேமர் 40,000 (குட்டி பொம்மைப் படைகளை வைத்து மேஜையில் ஆடும் போர் விளையாட்டு) ஆடும்போதெல்லாம் அவனுடைய ஆர்க் என்ற பச்சை ராட்சசப் படையில் பாதியை நான் கொன்று தள்ளினாலும் பாயிண்டில் அவன்தான் முன்னே நிற்பான். பத்தாம் பதிப்பு விதிகளில் மார்க்கரை (பாயிண்டுக்காகப் பிடிக்க வேண்டிய இடத்தின் குறி) சுற்றி 3 இன்ச்சுக்குள் யாருடைய OC (Objective Control, இடத்தைப் பிடிக்கும் பலம்) கூட்டுத்தொகை அதிகமோ அவருக்கே மார்க்கர். என் படையில் கனமான கவச வீரர்களான டெர்மினேட்டருக்குத் தலைக்கு OC 1, சாதாரண வீரர்களான இன்டர்செசருக்கு 2. அதனால் நம் பக்க மார்க்கரில் இன்டர்செசர்களை நிறுத்தி, என் முறையின் முதல் கட்டமான கமாண்ட் கட்டம் முடிந்ததும் முன்னே கிளப்பிவிடுகிறேன், அவர்கள் போனாலும் எதிராளி வந்து பறிக்கும்வரை அது நம்முடையதுதான். டெர்மினேட்டர்கள் நடுவில் அடி வாங்க மட்டும்.

அப்புறம், அவனுடைய 20 பேர் கும்பலை முழுசாக அழிக்க மெனக்கெடுவதில்லை. பாதிக்குக் கீழே இறக்கினால் போதும், அவன் கமாண்ட் கட்டத்தில் பேட்டில்ஷாக் டெஸ்ட் (படை மிரண்டுவிட்டதா என்று பகடை உருட்டிப் பார்ப்பது) போடணும். தவறினால் OC பூஜ்யம், மிச்சம் 9 பேர் மார்க்கர் மேலேயே நின்றாலும் பாயிண்ட் கிடையாது.