ஏலக்காய்க் கணக்கு மொழியில் அறுந்துபோன மாறிப் பெயர்கள்

குமுளியில் எங்கள் ஏலக்காய்க் கடைக் கணக்குக்காகப் பைத்தான் என்னும் கணினி மொழியில் ஒரு சிறு நிரல்மொழி எழுதினேன்: ‘வை எடை = 40’ என்றால் மாறி (ஒரு மதிப்பைத் தாங்கும் பெயர்) உருவாகும், ‘காட்டு எடை * விலை’ என்றால் தொகை திரையில் வரும்; ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப இயக்கும் வளையங்கள் வைக்கவில்லை, கடைக்கு அவை தேவையுமில்லை. முதல் வரியிலேயே அது ‘எட’ என்று பெயரை அறுத்து, ஐகாரக் குறியைத் தெரியாத எழுத்தென்று தள்ளியது. பெயர்களைப் பிரிக்க நான் பயன்படுத்தியது ரெகெக்ஸ், அதாவது எழுத்துக் கோவைகளை வடிவம் பார்த்துத் தேடும் முறை. பைத்தான் ரெகெக்ஸில் சொல்லெழுத்துக்கான குறியீடு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடு தனி வகையில் வைத்திருக்கும் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ஏற்பதில்லை. ஆகவே ரெகெக்ஸை விட்டுவிட்டு, எழுத்தில் தொடங்கி எழுத்து, சார்குறி (உயிர்க்குறி, புள்ளி போன்றவை), இலக்கம் எனத் தொடரும் அனைத்தையும் யூனிகோடு வகையைப் பார்த்தே பெயராகக் கொள்ளுமாறு மாற்றினேன். கணக்கெழுதும் சேட்டன் மலையாளத்தில் இட்ட பெயர்களும் அதோடு சரியாயின.

‘தொகை’ மட்டும் சில வரிகளில் இல்லாத மாறி என்று பிழை காட்டியது. ஒகரக் குறி ஓரிடத்தில் ஒரே குறியாகவும், வேறிடத்தில் எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் பதிவாகியிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இப்போது ஒவ்வொரு வரியையும் இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிய பிறகே பகுக்கிறேன்.