கடைசல் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் பெருமழை ஓய்ந்ததும் சாலையோரத்து அங்சானாவும் தூங்குமூஞ்சி மரமும் கிளை முறிந்து கிடப்பது வழக்கமான காட்சி. மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருவம் கொடுக்கும் கடைசல் இயந்திரத்தைப் புதிதாக வாங்கியவர், அப்புறப்படுத்த வந்தவர்களிடம் கேட்டு ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவருவதில் பிழையில்லை. அந்தப் பச்சை மரத்தை அன்றே மெல்லிய கிண்ணமாகக் கடைந்து முடித்துவிடுவதுதான் பிழை.

காயும் மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. பல மரங்களில், தண்டின் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருப்பதால், வட்டமாகக் கடைந்த கிண்ணம் நீள்வட்டமாகக் கோணும். தண்டின் நடு மையம் கிண்ணத்தின் அடியில் இருந்துவிட்டால் பெரும்பாலும் அங்கிருந்தே வெடிக்கும். ஆகவே தண்டை மையத்தோடு பிளந்து, மையப் பகுதியை நீக்கிவிட்டு, முதலில் தடிப்பாகவே கடைய வேண்டும். சுவரின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலம், என்பது பழகியவர்களின் கணக்கு. அதன்பின் நார் குறுக்கே வெட்டுப்பட்ட முகங்களில் மெழுகு பூசி, நிழலில் சில மாதங்கள் காயவிட்டு மீண்டும் கடைவதே முறை. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் காய்ந்தது என நம்பிய மரம்கூடக் குளிர்சாதன அறைக்குப் போனதும் மேலும் சுருங்கும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

பெயர் தெரியாத மரத்தைக் கடைவதும் ஆபத்தே. ரெங்காஸ் மரத்தின் சாறு தோலில் பட்டால் கடும் அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். காய்ந்த பலகை, குறிப்பாக ரப்பர் மரப் பலகை, பழகுவதற்குப் போதும்; அழகான மரத்துக்குக் கை பிறகு தேறட்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை, விட்டத்தின் அங்குலத்தை நிமிடச் சுழற்சியால் பெருக்கினால் 6000 முதல் 9000 வரை வருவது வழக்கமான வரம்பு. 10 அங்குலத்துக்கு அது 600 முதல் 900 சுழற்சி. உருண்டையாகாத கட்டையை இதைவிடவும் குறைவான வேகத்தில் தொடங்கி, அதிர்வு அடங்கிய பின்னரே கூட்ட வேண்டும். விசையை முடுக்குமுன் கட்டையைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அது உளி தாங்கியில் இடிக்கவில்லை என்று பார்ப்பது அரை நிமிட வேலை. அதையும் செய்யாமல் முடுக்குபவர்களைக் கண்டு எனக்கு வியப்பாக இருக்கிறது.

உளி மரத்தில் மாட்டித் துள்ளுவதற்கு இயந்திரத்தைக் குறை சொல்வார்கள். சுழலும் மரத்தில் முதலில் உளியின் சாய்வுமுகத்தை, அதாவது வெட்டு விளிம்பை அடுத்துள்ள தீட்டிய சரிவை, படியவைத்து, பிறகு பிடியை மெல்ல உயர்த்தி விளிம்பை வெட்டுக்குக் கொண்டுவராததே பெரும்பாலும் காரணம். மழுங்கிய உளியை அழுத்தித் தள்ளுவது அடுத்த காரணம்; வேலைக்கு இடையே அடிக்கடி தீட்டத் தயங்கக் கூடாது.

கையுறை வேண்டாம்; சுழலும் மரம் அதைக் கையோடு இழுக்கும். கோயிலில் கட்டிய மணிக்கட்டுக் கயிற்றையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றிவைத்துவிட்டு, முகம் முழுவதையும் மறைக்கும் காப்பை அணிய வேண்டும். உப்புத்தாள் தேய்க்கும்போது உளி தாங்கியை அகற்றிவிட்டு, தூசுக்கான முகமூடியும் போட்டுக்கொள்வது அவசியம், ஏனெனில் மரத்தூசு புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் உள்ளது.