வைட்பாடி கிட்: ஃபெண்டரை வெட்டுவதற்கு முன் முடிவு செய்யவேண்டியவை

வைட்பாடி கிட் என்பது, சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர் தகட்டை வெளியே புடைக்க வைத்துக் காரை அகலமாக்கும் துண்டுகளின் தொகுப்பு. அப்படி ஸ்போர்ட்ஸ் காரை அகலப்படுத்த நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "பக்கத்துக்கு எத்தனை இன்ச் வெளியே எடுக்கலாம்?" என்பதுதான். அதற்கான விடை சக்கரத்தில் இருக்கிறது. கால்குலேட்டரைத் தட்டினால் வந்துவிடும். வண்டியின் தோற்றத்தைத் தீர்மானிப்பது வேறொரு கேள்வி: அந்தப் புடைப்பு எங்கே போய் முடிகிறது? நான் பார்த்த வரையில், பார்க்கச் சகிக்காத கிட்களில் பெரும்பாலானவை அளவில் பிழையில்லாதவை. முடியும் இடத்தைப் பற்றி யாரும் யோசிக்காததுதான் அவற்றைக் கெடுத்திருக்கிறது.

ஃபைபர் (கண்ணாடி இழை) வேலையில் இப்போதுதான் இறங்குகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பின்சக்கர இயக்கம் கொண்ட இரண்டு கதவு கார் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

படி 1: வண்டி எங்கே ஓடும்?

இதை முடிவு செய்யாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். இங்கே நான் சொல்வது டிரெய்லரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்துக்குக் கொண்டுபோகும் வண்டிக்கு.

டிரெய்லர் வண்டியானாலும் எங்கேயாவது நிறுத்தத்தானே வேண்டும்? நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் நிறுத்தும் இடம் வழக்கமாக 2.5 மீட்டர் அகலம். ஃபோர்டு மஸ்டாங் கண்ணாடிகளை விட்டுவிட்டால் 1,916 மி.மீ. இருபுறமும் 50 மி.மீ. கூட்டினால் 2 மீட்டரைத் தாண்டிவிடும். தூணுக்கும் பக்கத்து வீட்டுக் காருக்கும் நடுவே கதவைத் திறக்க ஒரு பக்கத்துக்கு 24 செ.மீ. மிஞ்சும். ஒல்லியான ஆளுக்கே கஷ்டம்.

படி 2: சக்கரத்தை முதலில் வாங்குங்கள்

சக்கரம் கையில் வராமல் கிட் வரைவது வீண் வேலை. ரிம்மின் பின்பக்கத்தில் அகலமும் ஆஃப்செட்டும் பொறித்திருக்கும். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதியில்) உட்காரும் பரப்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதன் அளவு. எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும்.

கணக்கு இவ்வளவுதான். பழைய ரிம் 8 இன்ச், ஆஃப்செட் 45. புதியது 10 இன்ச், ஆஃப்செட் 20. அகலத்தில் 2 இன்ச் கூடுகிறது, அதாவது 50.8 மி.மீ.; அதில் பாதி 25.4. ஆஃப்செட் வித்தியாசம் 25. இரண்டையும் கூட்டினால் சக்கரத்தின் வெளிமுகம் 50.4 மி.மீ. வெளியே வருகிறது. கழித்தால் உள்பக்கம் 0.4 மி.மீ. மட்டுமே நகர்கிறது, சஸ்பென்ஷனை இடிக்காது. ஆக, உங்கள் புடைப்பு ஏறக்குறைய 50 மி.மீ. அதற்கு மேல் கூட்டினால் சக்கரம் ஃபெண்டர் வளைவுக்குள் ஒளிந்துகொண்டு, அண்ணன் சட்டையைத் தம்பி மாட்டிக்கொண்டதுபோல் வண்டி தொளதொளவென்று தெரியும்.

ஆஃப்செட்டைக் கண்டபடி குறைக்கவும் கூடாது. வீல் பேரிங் மீது சுமை ஏறும், ஸ்டீயரிங் கனக்கும், மேடுபள்ளத்தில் கையைப் பிடித்து இழுக்கும்.

பின்சக்கர இயக்க வண்டிக்குப் பின்புடைப்பு முன்னதைவிடப் பக்கத்துக்கு 10 முதல் 20 மி.மீ. கூடுதலாக இருப்பது என் கண்ணுக்குச் சரியாகப் படுகிறது. சக்தி எந்த அச்சுக்குப் போகிறதோ, அங்கே உடம்பு கனத்திருக்கவேண்டும். 1975இல் வந்த போர்ஷ 911 டர்போவின் இடுப்பைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

படி 3: எந்த வம்சம்?

அகலப்படுத்தும் வழிகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். ஃபெண்டரின் மேல் தனித்துண்டை வைத்து போல்ட் அல்லது ரிவெட்டால் இறுக்குவது முதல் வகை. பழைய நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் தொடங்கி இன்றைய ஜப்பானிய கிட் நிறுவனமான லிபர்ட்டி வாக் வரை இந்த மரபு நீள்கிறது. 1980இன் ஆடி குவாட்ரோ, முதல் பிஎம்டபிள்யூ எம்3 போன்றவற்றில் உள்ள, பெட்டிபோல் கோணமாக மடிந்த புடைப்பு இரண்டாவது. விளிம்பே தெரியாமல் உடம்போடு கரைந்துபோவது மூன்றாவது.

புதியவர்களுக்கு முதல் வகையைத்தான் சொல்வேன். கரைந்துபோகும் வகையில் ஃபைபரும் இரும்பும் சேரும் இடத்தைப் பட்டி பூசி மறைக்கிறார்கள். வெயிலில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. வண்டி அதிரும்போது ஒரே மாதிரி வளைவதும் இல்லை. சென்னை மே மாதத்தில் அந்த இணைப்பு முடியளவு விரிசல் விடும், பெயிண்டும் அதோடு போகும். சுத்தமாகச் செய்ய இரும்புத் தகட்டையே வளைத்து வெல்டிங் செய்யவேண்டும். அது கைதேர்ந்த டிங்கரின் வேலை.

இங்கேதான் முடியும் இடம் பற்றிய முடிவு வருகிறது. 1976இல் வந்த, குரூப் 5 என்ற கார்ப் பந்தயப் பிரிவின் விதிகள் பானெட், கூரை, கதவு ஆகியவற்றைக் கைவைக்காமல் விடச் சொல்லி, ஃபெண்டர்களை மட்டும் அகலப்படுத்த இடம்கொடுத்தன. முன்னும் பின்னும் புடைத்து, நடுவில் ஒடுங்கிய உருவம் அங்கிருந்துதான் பிரபலமானது. விதிக்காகச் செய்தது பின்னால் ரசனையாகிவிட்டது. உங்களுக்கு அந்த விதி கிடையாது. ஆனாலும் கதவுக்கு முன்பே நிறுத்துவதை நான் ஆதரிக்கிறேன். கதவின் மேல் ஏறும் துண்டு, கதவு திறக்கும்போது ஃபெண்டர் துண்டோடு இடிக்காமல் இருக்க இடைவெளி கேட்கும். அந்த இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவில் வர, அனுபவம் உள்ளவர்களே திணறுகிறார்கள்.

படி 4: டேப்பால் வரையுங்கள்

ஜப்பானில் அகிரா நகாய் போர்ஷ கார்களை மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்து, கையாலேயே வெட்டுகிறார். அதே நாட்டின் கெய் மியுரா வண்டியை முப்பரிமாண ஸ்கேன் செய்து கணினியில் வடிவமைக்கிறார். ஸ்கேனர் இல்லாத நமக்கு நகாய் வழிதான்.

முதலில் சக்கரத்தின் நடுப்புள்ளியில் ஒரு நூலைப் பிடித்து வளைவைக் குறியுங்கள். 285/35 ஆர்18 டயரின் விட்டம் ஏறக்குறைய 657 மி.மீ., ஆரம் 328. அதற்கு மேல் நீங்கள் விடும் இடைவெளியைக் கூட்டி, ஃபெண்டர் மேல் ஒரு வில் வரையுங்கள். விளிம்பு டயரோடு ஒரே மையத்தில் வளைந்தால் வண்டி நின்றிருக்கும்போதே இறுக்கமாகத் தெரியும். முன்பக்கம் சக்கரம் திரும்ப வேண்டியிருப்பதால் இடைவெளி சற்றுக் கூடும்.

அடுத்து, புடைப்பின் வெளிக்கோடு. கதவுக் கைப்பிடியை ஒட்டி ஓடும் தோள்கோட்டை டேப்பால் முழு நீளத்துக்கும் ஒட்டிக்கொள்ளுங்கள். புடைப்பின் உச்சி அந்தக் கோட்டைத் தொடலாம், தெளிவாக அதற்குக் கீழே நிற்கலாம்; வெட்டிக்கொண்டு மேலே போனால் வண்டியில் இரண்டு தோள்கள் வந்துவிடும். முன்புடைப்பு முடியும் ஓரமும் பின்புடைப்பு தொடங்கும் ஓரமும் ஒரே சாய்வில் இருக்கட்டும். அந்தச் சாய்வைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். கதவு வெட்டின் கோட்டிலிருந்தோ, முன்கண்ணாடித் தூணிலிருந்தோ கடன் வாங்குங்கள்.

பத்தடி தள்ளி நின்று, இடுப்பு உயரத்தில் போனைப் பிடித்து, ஜூம் செய்து படம் எடுங்கள். கிட்டே நின்று எடுத்தால் அருகில் உள்ள புடைப்பு ஊதிப்போய்த் தெரியும். அதை நம்பிக் குறைத்துவிடுவீர்கள். டேப்பைப் பிரித்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் புதிதாக ஒட்டிப் பாருங்கள். டேப் மலிவு.

படி 5: நுரையில் உருவம்

ஃபெண்டருக்குப் பாலிதீன் போர்த்தி, அதன் மேல் பி.யு. (பாலியூரித்தேன்) நுரையை ஒட்டிச் செதுக்குங்கள். தெர்மாகோல் எந்தக் கடையிலும் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம்; பாலியெஸ்டர் ரெசின் பட்டதும் அது கரைந்துபோகும்.

புடைப்பின் மிக அகலமான இடம் சக்கர மையத்துக்கு நேர் மேலே வரட்டும். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள தூரத்தை அளந்து சரிபாருங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு, 10 செ.மீ.க்கு ஒன்றாக அட்டையில் குறுக்குவெட்டு எடுத்து, திருப்பிப் போட்டு மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். முன்பு டிங்கரிங் பார்த்த வண்டியென்றால் இரண்டு பக்கமும் அளவு சமமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். தரையில் நடுக்கோடு போட்டு அதிலிருந்து அளப்பதே நல்லது.

நுரையின் மேல் பட்டி, பிரைமர், வாட்டர் பேப்பர். பிறகுதான் வெளிச்சப் பரிசோதனை. பிரைமர் மங்கலாக இருப்பதால் குறை தெரியாது. ஒரு குவளைத் தண்ணீரை மேலே வழியவிட்டு, பக்கவாட்டில் டியூப் லைட்டை நீளவாக்கில் பிடியுங்கள். ஈரப்பரப்பில் அந்த வெள்ளைக் கோடு ஃபெண்டரிலிருந்து புடைப்புக்கு வழுக்கிக்கொண்டு போகவேண்டும். எங்கே நெளிகிறதோ, தடிக்கிறதோ, அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது. தண்ணீர் காய்வதற்குள் பென்சிலால் வட்டம் போட்டுவிடுங்கள். உச்சிவெயிலில் இதைச் செய்யாதீர்கள்; தலைக்கு மேலிருந்து விழும் ஒளி பக்கவாட்டு வடிவத்தை விழுங்கிவிடும். மாலை ஐந்து மணிச் சாய்வெயில் பொய் சொல்லாது.

அச்சு எடுத்து ஃபைபர் போடுவது தனியாக எழுதவேண்டிய விஷயம். ஒரே ஒரு எச்சரிக்கை: இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும், ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள்; தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டு, பிறகே ஹார்ட்னர். நம் ஊர்ச் சூட்டில் ரெசின் சீக்கிரம் இறுகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

படி 6: பம்பர், ஸ்கர்ட், காற்றுத்துளை

முன்பம்பரின் மூலை புடைப்போடு சேராவிட்டால் டயரின் முகம் முன்னாலிருந்து அப்பட்டமாகத் தெரியும். கதவுக்குக் கீழே ஓடும் பக்க ஸ்கர்ட் இரண்டு புடைப்புகளையும் கீழே இணைக்கும். அதன் வெளி ஓரத்தை முன்புடைப்பின் அடியிலிருந்து பின்புடைப்பின் அடிக்கு நேர்கோடாக இழுத்தால் போதும். முன்சக்கரத்துக்குப் பின்னால் துளை வைத்தால், வளைவுக்குள் அடைபடும் காற்று வெளியேறும் உண்மையான துளையாக வையுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் வலை ஒட்டிய போலித் துளையை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

படி 7: வெட்டும் போல்ட்டும்

முன்ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது. கெட்டுப்போனால் வேறு வாங்கி மாட்டலாம். பின்பக்கம் அப்படியல்ல. வெளித்தகடும் உள்ளே இருக்கும் சக்கரக்கூடும் ஒன்றோடொன்று வெல்டிங் ஆனவை. வெட்டினால் இரண்டுக்கும் நடுவே வாய் திறக்கும். அதை மடித்து வெல்டிங் வைத்து மூடாவிட்டால் மழைநீர் டிக்கிக்குள் வரும், உறுதியும் போகும். ஆகவே சென்னையில் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஏதாவதொரு காரின் பழைய ஃபெண்டரை வாங்கி வெட்டிப் பழகிவிட்டு, முன்பக்கத்தை முடித்து, கடைசியாகப் பின்பக்கம் வாருங்கள்.

வெளியே தெரியும் போல்ட்டும் அலங்காரம்தான். இடைவெளி ஏறுக்குமாறானால் மொத்த உழைப்பும் வீண். அளவுகோல் வேண்டாம். புடைப்பின் ஓரம் முழுவதும் ஒரு காகித நாடாவை ஒட்டி, சரியான நீளத்துக்கு வெட்டி எடுத்து, மூன்று முறை பாதிபாதியாக மடியுங்கள். பிரித்தால் எட்டுச் சமபாகம். மடிப்புக் கோடுகளில் துளை இடுங்கள். கடற்காற்றுக்குத் துருவேறாத எஃகு போல்ட், அதன் தலைக்குக் கீழே நைலான் வாஷர், விளிம்பில் ரப்பர் பீடிங். வெட்டிய இரும்பு ஓரத்துக்கு அன்றைக்கே எபாக்ஸி பிரைமர்.

பெயிண்டுக்கு முன் கடைசிப் பரிசோதனை ஒன்று உண்டு. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்புக்குக் கீழே ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தை முழுதாக மேலே ஏற்றுங்கள். வளைவின் உள்பக்கம் சாக்பீஸ் பூசி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். சாக்பீஸ் அழிந்த இடத்தில் டயர் உரசுகிறது. அந்த இடத்தைச் சீவி, மறுபடி பிரைமர் கொடுத்து, இன்னொரு முறை திருப்பிப் பார்த்த பிறகே வண்டியைப் பெயிண்டரிடம் விடுங்கள்.