கீமோ நடக்கும் வீட்டில் கணவனும் மனைவியும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு வந்து ஒரு வாரம் ஆகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு மனைவிக்கு உடம்பு சுடுகிறது. கணவன் இரண்டு பெனடோல் கொடுத்து, கம்பளியைப் போர்த்திவிட்டு, “விடியட்டும், பார்ப்போம்” என்கிறார். மலையகத்து வீடுகளில் நடக்கும் தவறுகளில் உயிரையே பறிக்கக்கூடியது இதுதான்.

கீமோ மருந்து புற்றுநோய்க் கலங்களோடு சேர்த்து, எலும்பு மச்சையில் உருவாகி, கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். பொதுவாக மருந்து ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை அவை மிகவும் இறங்கியிருக்கும். அந்த நாட்களில் வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை. கிருமி இரத்தத்தில் பரவ ஒரு ராத்திரியே போதும். பெனடோல் சூட்டைத்தான் இறக்கும், கிருமி உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். காலையில் உடம்பு குளிர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு “விட்டுப் போச்சு” என்று கொழுந்துக்குப் போய்விடுகிறோம்.

ஆகவே வீட்டில் ஒரு டிஜிட்டல் தர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதெல்லாம் சரிவராது, அதிலும் நுவரெலியாக் குளிரில் நம் கையே சில்லென்று இருக்கும். அக்குளில் வைத்து, கையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, சத்தம் வரும் வரை எடுக்காதீர்கள். அக்குளில் காட்டும் அளவு உடம்பின் உண்மையான சூட்டைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். 38 பாகை செல்சியஸ், அதாவது பழைய கணக்கில் 100.4, காட்டினால் பெனடோல் கொடுக்காமல் கிளம்புங்கள். சூடு ஏறாமலே நடுக்கம் எடுத்தாலும், ஆள் சோர்ந்து பிதற்றினாலும் அப்படித்தான். வாந்திக்காகக் கொடுக்கும் ஸ்டீரொய்ட் மாத்திரை சிலருக்குக் காய்ச்சலையே மறைத்துவிடும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்து லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) வரும் பாதையில் அது ஏற முடியாதென்றால் யாருடைய ஆட்டோவில் பெரிய ரோட்டுக்கு இறங்குவது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். காய்ச்சல் வந்த பிறகு ஆட்டோ தேடுவது வீண் அலைச்சல்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் வெளிநோயாளர் வரிசையில் உட்கார்ந்துவிடக் கூடாது. “கீமோ நடக்கிறது, காய்ச்சல்” என்பதுதான் வாயில் வரும் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும், கையில் கிளினிக் கொப்பியும் டயக்னோசிஸ் கார்டும் இருக்க வேண்டும். இந்த நிலையில் அன்டிபயோட்டிக் ஊசியை வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போட வேண்டும் என்பது மருத்துவர்களே வைத்திருக்கும் அளவு. அதனால் அந்த நேரத்தில் கொஞ்சம் சத்தம் போடுவது தப்பே இல்லை.

அடுத்தது, அன்பாலும் பயத்தாலும் வரும் தவறு: தனித் தட்டு, தனிப் பாய், பிள்ளைகள் கிட்டே போகக்கூடாது என்ற கட்டுப்பாடு. புற்றுநோய் தொற்றாது. தொடலாம், கட்டிப்பிடிக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம். மருந்து ஏற்றிய பிறகு இரண்டு மூன்று நாள் சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் மருந்து கலந்திருக்கும், கவனம் அதில் மட்டும் போதும். லயத்தில் கக்கூஸ் பொதுவாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் நிறையத் தண்ணீர் ஊற்றி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவைக்கலாம். கர்ப்பிணிப் பெண்கள் அந்தத் துணியைத் தொட வேண்டாம். தாம்பத்திய உறவுக்குத் தடையில்லை, ஆனால் கொண்டம் அவசியம். சங்கடமாக இருந்தாலும் கிளினிக்கில் உள்ள மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேட்டுவிடுங்கள், அவர்கள் இதையெல்லாம் தினமும் கேட்பவர்கள்தான்.

குளிரைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை. குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஒக்சலிப்ளாட்டின் என்ற மருந்து ஏற்றியவர்களுக்கு, சில நாட்களுக்குக் குளிர் பட்டாலே விரல் நுனி விறுவிறுக்கும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைப்பது போலிருக்கும், மூச்சே நின்றுவிட்டதென்று ஆள் பதறிப்போவார். கொழும்பில் இருப்பவர் ஐஸ் தண்ணீரைத் தவிர்த்தால் போதும். நமக்கோ பீலியில் (மலைத் தண்ணீர்க் குழாயில்) வரும் தண்ணீரே ஐஸ்தான்! முகம் கழுவ, குடிக்க, கை கால் அலம்ப எல்லாவற்றுக்கும் வெந்நீர் வைத்துக்கொடுங்கள். பனிக்காற்றில் வெளியே போனால் மூக்கையும் வாயையும் சால்வையால் மூட வேண்டும். “எனக்கும்தான் குளிருது” என்று சொல்லி அவரைப் பீலிக்கு அனுப்பாதீர்கள். வேறு சில மருந்துகளில் பாதம் மரத்துப்போகும், அடுப்புத் தணல் சுட்டாலும் தெரியாது, ஆகவே வெறுங்காலோடு நடக்க விடக்கூடாது. இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் இறங்கியிருந்தால் அட்டைக்கடிகூட நெடுநேரம் இரத்தம் கசியும், மலைக்கு ஏறவே வேண்டாம். வலி என்றால் கடையில் கிடைக்கும் வலி மாத்திரையைக் கேட்காமல் கொடுப்பதும் ஆபத்து, புருபன், டைக்ளோபெனக் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் எல்லா வீட்டிலும் சண்டைதான். “சாப்பிட்டால்தானே தெம்பு வரும்” என்று ஒரு கோப்பை சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு காவல் காப்பது பயன் தராது. கருவாடு பொரிக்கும் வாசனையே போதும், வந்த பசியும் ஓடிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, அவருக்குப் பிடித்த நேரத்தில், கஞ்சியோ அவித்த முட்டையோ கொடுங்கள். வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாமல், சொல்லிய நேரத்துக்குக் கொடுங்கள். வெள்ளை அணு இறங்கிய நாட்களில் பச்சை வல்லாரைச் சம்பலைத் தவிர்த்து அதையே சுண்டிக் கொடுக்கலாம். குடிக்கும் தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆற வேண்டும். வாய்ப்புண்ணுக்கு உப்புத் தண்ணீரால் கொப்பளித்தால் இதமாக இருக்கும், மிளகாய்க்குச் சில நாள் விடுமுறை. கட்டு அனோதா (முள்சீத்தா) இலைக் கஷாயத்தில் நோய் குணமானதாகப் பக்கத்து டிவிஷனில் யாரோ சொன்னார்கள் என்பதற்காக அதைக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். அது மருந்தின் வேலையைக் கெடுக்கலாம், ஈரலையும் பாதிக்கலாம். டொக்டரிடம் மறைப்பது அதைவிடப் பெரிய தப்பு.

மறைப்பது என்றால், வேறு விதமும் உண்டு. டொக்டர் கேட்கும்போது மனைவி “ஒண்ணுமில்ல டொக்டர்” என்பார், அல்லது கணவனே முந்திக்கொண்டு பதில் சொல்வார். நாலு நாள் வயிற்றாலே போனது, விரல் மரத்தது, வாயில் வெள்ளை படிந்தது எதுவும் கொப்பியில் ஏறாது. நடந்ததை அன்றன்றே தேதி போட்டு எழுதி வையுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகமவுக்கோ கண்டிக்கோ போகும் முன்னால், சிங்களம் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து அந்தத் தாளைச் சிங்களத்தில் எழுதி வாங்கினால், பாஷை தடுமாறும் இடத்தில் தாளை நீட்டலாம். டொக்சொரூபிசின் என்ற சிவப்பு மருந்து ஏற்றிய பிறகு ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது இரத்தமில்லை, பதற வேண்டாம். மருந்து ஏறும்போது ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ, “தாங்கிக்கோ” என்று சொல்லாமல் உடனே மிஸ்ஸியைக் கூப்பிட வேண்டும். மருந்து வெளியே கசிந்தால் தசையே புண்ணாகிவிடும்.

பார்த்துக்கொள்பவர் எல்லாவற்றையும் ஒண்டியாகச் சுமப்பதும் தவறுதான். மனைவி பராமரிப்பவராக இருந்தால் கொழுந்தும் அடுப்பும் தண்ணீர்க் குடமும் அவர் தலையில், கணவனாக இருந்தால் பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) போய்ச் சம்பளம் குறைகிறது. உதவி செய்கிறேன் என்று கேட்பவர்களிடம் “வேணாம்” என்று சொல்லாமல், “வியாழக்கிழமை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வேலையைக் கையில் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கே தடிமன், இருமல் வந்தால் முகக்கவசம் போட்டு வேறு இடத்தில் படுக்க வேண்டும். விசாரிக்க வருகிறவர்களையும் அந்த நாட்களில் வாசலோடு அனுப்பலாம், யாரும் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கடைசியாக ஒரு பிரயாண விஷயம். விடியற்காலையில் பஸ் ஏறி மகரகம போய்ச் சேர்ந்த பிறகு, “வெள்ளை அணு போதாது, அடுத்த வாரம் வாருங்கள்” என்று திருப்பி அனுப்பினால் மனம் நொந்துவிடும். தள்ளிப்போடுவது சிகிச்சை தோற்றதாக அர்த்தமில்லை, இப்படி நடப்பது வழமைதான். ஆனால் இரத்தப் பரிசோதனையை ஒன்றிரண்டு நாள் முன்பே ஊர்ப் பக்க ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொண்டு, முடிவைத் தொலைபேசியில் சொல்ல முடியுமா என்று கிளினிக்கில் முதல் தடவையே கேட்டு, அழைக்க வேண்டிய இலக்கத்தையும் வாங்கிக் கொப்பியின் முன் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.