போர்க்கப்பலில் முதல் வருடம்: கடலுக்கு முன்னால் டிரை டாக்

புதிதாகக் கப்பலுக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "கடலுக்கு எப்பண்ணா போவோம்?" பதினான்கு வருடம் இன்ஜின் ரூமில் கிடந்தவன் என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பேன்: "கப்பலை முழுசாப் பார்த்தாச்சா?" பார்த்தாச்சு என்பார்கள். பார்த்திருக்க மாட்டார்கள். என் முதல் வருடத்தில் நானும் பார்க்கவில்லை. அதற்கான கூலியும் கிடைத்தது.

ஒரு போர்க்கப்பலின் காலம் பெரும்பாலும் இந்த வரிசையில் ஓடும். முதலில் பழுதுபார்ப்பு, அதில் ஒரு பகுதி டிரை டாக்கில், அதாவது தண்ணீரை வெளியேற்றிக் கப்பலை உலர்ந்த தரையில் நிறுத்தும் இடத்தில். பிறகு சில நாள் கடல் சோதனை. அதன் பிறகு ஒர்க்-அப் என்கிற கடும் பயிற்சி. அதில் தேறினால் பல மாத நீண்ட பயணம். திரும்பி வந்தால் லீவு, மறுபடி பழுதுபார்ப்பு. இந்தச் சுற்று ஒரே வருடத்துக்குள் அடங்காத கப்பல்களும் உண்டு. எனக்கு அடங்கியது. நான் ஏறியபோது கப்பல் டாக்கில் நின்றது. எங்கு பார்த்தாலும் வெல்டிங் புகை, காலில் சிக்கும் கேபிள், ஒரு பாத்ரூமும் வேலை செய்யாது. "இது கப்பலே இல்லை, கடலுக்குப் போனதும் கற்றுக்கொள்ளலாம்" என்று மூன்று மாதத்தை வீணடித்தேன்.

ஒர்க்-அப்பின் இரண்டாம் நாள் நடுராத்திரி தீ அலாரம். பயிற்சிதான், ஆனால் விளக்கை நிஜமாகவே அணைத்துவிட்டார்கள். புகை இயந்திரம் ஓடுகிறது, முகத்தில் மூச்சுக்கருவி, கையில் தண்ணீர் அடிக்கும் ஹோஸ். நான் வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இடது பக்கம் திரும்பி, ஸ்டோர் ரூம் ஒன்றின் மூலையில் போய் முட்டிக்கொண்டு நின்றேன். மதிப்பெண் போட வந்த அதிகாரி என் தோளைத் தட்டி, "நீ செத்தாச்சு, படு" என்றார். இரும்புத் தரையில் நாற்பது நிமிடம் பிணமாகக் கிடந்தேன். பிறகு நாலு பேர் என்னை ஸ்ட்ரெச்சரில் கட்டிச் செங்குத்தான ஏணியில் தூக்கிப்போனார்கள். படிக்கு ஒரு முறை என் முட்டி கைப்பிடியில் இடித்தது. தூக்கியவர்கள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

படுக்கையிலிருந்து தொடங்குங்கள்

மறுநாள் எங்கள் சீஃப், அதாவது பிரிவின் மூத்த மாலுமி, என்னைக் கூப்பிட்டு என் பங்க் என்கிற அடுக்குக் கட்டிலில் படுக்கச் சொன்னார். ஒரு துணியால் கண்ணைக் கட்டினார். "மேல் தளத்துக்கு வா" என்றார், அவ்வளவுதான். முதல் தடவை ஆறு நிமிடம் ஆனது. பத்துப் பதினைந்து நாள் செய்த பிறகு ஒரு நிமிடத்துக்குள் வந்தேன். இன்றைக்கும் அந்த வழி எனக்கு மனப்பாடம்: பங்க்கிலிருந்து இறங்கினால் பதினோரு காலடி. நான்காவது அடியில் நெற்றி உயரத்தில் ஒரு வால்வு, குனிய வேண்டும். ஏழாவதில் இடது கைக்குத் தீயணைப்பு சிலிண்டர் தட்டுப்படும். பதினொன்றில் ஏணி, ஒன்பது படி. மேலே ஹேச் என்கிற திறப்பு மூடியின் பிடி வலது பக்கம்.

இதைத்தான் முதல் வாரத்திலேயே செய்யுங்கள். எண்ணிச் செய்யுங்கள், பிறகு கண்ணைக் கட்டிச் செய்யுங்கள். இரண்டாவது வழியையும் அப்படியே பழகுங்கள், முதல் வழி அடைபட்டிருக்கலாம். 2017 ஜூன் 17 அதிகாலை, ஜப்பான் கடற்கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் ஃபிட்ஸ்ஜெரால்டின் மீது ஒரு சரக்குக் கப்பல் மோதியது. நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த ஒரு படுக்கை அறையில் 35 பேர் இருந்தார்கள். தண்ணீர் நிரம்ப நிமிடக் கணக்குகூட ஆகவில்லை. இருட்டில், மிதக்கும் மெத்தைகளுக்கும் அலமாரிகளுக்கும் நடுவில் வழி தேடி 28 பேர் வெளியே வந்தார்கள். 7 பேர் வரவில்லை. கண் கட்டிப் பழகுவது விளையாட்டு என்று யாராவது சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது கதவுகளில் இருக்கும் எண்கள். எந்தத் தளம், முன்னிருந்து பின்னாக எந்தப் பகுதி, எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பல கடற்படைகளில் ஒற்றைப்படை என்றால் வலது பக்கம், இரட்டைப்படை என்றால் இடது பக்கம். அலாரத்தில் ஒலிபெருக்கி இடத்தின் பெயரோடு இந்த எண்ணையும் சொல்லும். கேட்ட நொடியில் கால் நகர வேண்டும்.

டாக்கின் தரையில் ஒரு நாள்

கப்பலின் அடிவயிற்றைப் பார்க்கும் வாய்ப்பு டிரை டாக்கில் மட்டும்தான். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, அனுமதி வாங்கி, கீழே இறங்குங்கள். புரொப்பெல்லரின் பக்கத்தில் நின்று பாருங்கள். கடல் நீர் உள்ளே வரும் துளைகளையும் அவற்றின் மேலிருக்கும் கம்பி வலைகளையும் எண்ணுங்கள். கப்பலின் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைத் தின்னக் கொடுக்கும் துத்தநாகக் கட்டிகளில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையது கரையான் அரித்த மாதிரி இருக்கும்.

இதெல்லாம் எதற்கு என்றால், ஆறு மாதம் கழித்து நடுக்கடலில் ஒரு கூலிங் பம்ப்பின் சத்தம் மாறும். அழுத்தம் விழும். அடியைப் பார்த்தவனுக்கு "வலையில் ஏதோ அடைத்திருக்கிறது" என்று உடனே தோன்றும், பார்க்காதவன் பம்ப்பைப் பிரிக்கத் தொடங்குவான். 2006-ல் பிரிஸ்பேன் துறைமுகத்தில் ரொனால்ட் ரேகன் என்ற பிரம்மாண்டமான விமானந்தாங்கிக் கப்பலுக்கே ஜெல்லி மீன்கள் கன்டென்சர் என்கிற குளிர்விப்புக் கருவியை அடைத்துத் தொல்லை கொடுத்தன.

டாக்கில் இருக்கும்போதே இன்னொரு வேலை: ஃபயர் மெயின் என்கிற தீயணைப்புக் குழாய் கப்பல் முழுக்க எப்படி ஓடுகிறது என்று சொந்தக் கையால் வரையுங்கள். அச்சிட்ட வரைபடத்தைப் பார்த்து நகல் எடுப்பதில் பயனில்லை. குழாயின் மேல் கை வைத்து நடந்து, ஒவ்வொரு வால்வையும் தொட்டு, பிறகு பென்சிலால் போட வேண்டும். எனக்கு ஒன்பது சாயங்காலம் ஆனது. குழாய் உடைந்தால் உடைந்த துண்டை எந்த இரண்டு வால்வுகளுக்கு நடுவில் பிரிப்பது, மற்ற பக்கத்திலிருந்து தண்ணீரை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் கேள்வி. 1982 மே 4 அன்று ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் ஷெஃபீல்ட் போர்க்கப்பலை எக்ஸோசெட் ஏவுகணை தாக்கியபோது ஃபயர் மெயின் உடைந்தது. தீயை அடக்க முடியவில்லை, 20 பேர் இறந்தார்கள்.

முதல் கடல், முதல் வாந்தி

வாந்தி வரும். வெட்கப்பட ஒன்றுமில்லை, பிரிட்டனின் புகழ்பெற்ற அட்மிரல் நெல்சனுக்கே கடைசிவரை கடல் ஒவ்வாமை இருந்தது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. முடிந்தபோது மேலே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறு நிறைந்த வயிற்றைவிட மோசம், உலர்ந்த பிஸ்கட் பையில் இருக்கட்டும். மாத்திரை போடுவதென்றால் கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும். பக்கெட்டை நீங்களே கழுவுங்கள், அதைத்தான் மற்றவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

ஒர்க்-அப்

இந்த வாரங்களில் தூக்கம் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீ, வெள்ளம், ஏவுகணை, ஸ்டியரிங் போச்சு, கரன்ட் போச்சு என்று ஒன்றன் மேல் ஒன்றாகக் கொடுப்பார்கள். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, தன் வேலையை மட்டும் கற்பது. 1967 ஜூலை 29 அன்று ஃபாரஸ்டல் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் விமானத் தளத்தில் தீப்பிடித்தபோது பயிற்சி பெற்ற தீயணைப்புக் குழுவில் பலர் முதல் குண்டு வெடிப்பிலேயே போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் தைரியமாகத்தான் ஓடிவந்தார்கள். ஆனால் ஒரு பக்கம் நுரை போட, மறுபக்கம் தண்ணீரை அடித்து அந்த நுரையையே கழுவிவிட்டார்கள். இறந்தவர்கள் 134 பேர். ஆகவே சமையல்காரரோ ரேடியோக்காரரோ, எல்லோரும் நுரைக் குழாயைப் பிடித்துப் பழக வேண்டும். எங்கள் கப்பலில் சிறந்த ஹோஸ்காரர் சமையலறையில் பாத்திரம் கழுவிய பையன்தான்.

உள்ளே பாலியஸ்டர் பனியன் போடாதீர்கள். சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்திதான்.

வாட்ச்சும் தூக்கமும்

வாட்ச் என்றால் கப்பலில் முறை வைத்துப் பார்க்கும் வேலை: நாலு மணி நேரம் வேலை, பிறகு அடுத்தவர். 24 மணி நேரத்தை நாலு நாலாகப் பிரித்தால் ஆறு வாட்ச். மூன்று குழு இருந்தால் அதே ஆள் தினமும் அதே நடுராத்திரியில்தான் மாட்டுவான். அதனால்தான் மாலை 4 முதல் 8 வரையிலான வாட்ச்சை இரண்டாக உடைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு டாக் வாட்ச் என்று பெயர், கப்பல் நிற்கும் டாக் அல்ல, குரைக்கும் டாக். வாட்ச் ஏழு ஆனதும் முறை நாளுக்கு நாள் தானாகவே நகர்ந்துவிடும். 12 முதல் 4 வரை ஓடும் நடுராத்திரி வாட்ச் எல்லோருக்கும் பங்கு வரும்.

அந்த வாட்ச்சுக்கு ஆளை எழுப்புவது ஒரு கலை. சிவப்பு டார்ச் மட்டும், அதுவும் தரையைப் பார்த்து. மூன்றடுக்கு பங்க்கில் முகத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள், காலைத் தட்டுங்கள். "யாரு?" என்று கேட்டுப் பெயரை உறுதி செய்யுங்கள். தப்பான ஆளை எழுப்பினால் ஒரு மாதம் பேசமாட்டான். "ம்" என்பது எழுந்ததாகாது, கால் தரையைத் தொட்ட பிறகுதான் நகர வேண்டும். மாற்றிவிடுபவரிடம் பத்து நிமிடம் முன்னாடியே போய் நில்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் சொல்வது லாக் புத்தகத்தில் இருக்காது: "மூணாம் நம்பர் பம்ப் ஒரு மாதிரி முனகுது, பார்த்துக்க."

நீண்ட பயணம்

குளியல் என்றால் நனை, மூடு, சோப்பு போடு, திற, மூடு. கப்பல் கடல் நீரைச் சவ்வில் அழுத்தித்தான் நன்னீர் எடுக்கிறது, துறைமுகத்தின் எண்ணெய்த் தண்ணீரில் அதைச் செய்யமாட்டார்கள். அதனால் துறைமுகத்தில் கேட்கும் முதல் திட்டு தண்ணீருக்காகத்தான்.

கடலில் எரிபொருள் ஏற்றும் நாள் கவனம். இரண்டு கப்பல்கள் முப்பது முதல் அறுபது மீட்டர் இடைவெளியில், பன்னிரண்டு நாட் (மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர்) வேகத்தில், மணிக்கணக்கில் ஒட்டி ஓடும். நடுவில் அடைபடும் தண்ணீரின் ஓட்டம் இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கப் பார்க்கும். தளத்தில் நிற்கும் உங்களுக்கு ஆபத்து கயிறுதான். நைலான் கயிறு அறுவதற்கு முன் ரப்பர் மாதிரி நீளும். அறுந்தால் வந்த நேர்கோட்டிலேயே திரும்பி அடிக்கும், காலை எடுத்துவிடும். இழுவையில் இருக்கும் கயிற்றின் நேர்கோட்டில் நிற்காதீர்கள், சுருளுக்குள் கால் வைக்காதீர்கள்.

யாராவது கடலில் விழுந்தால் கத்துங்கள், மிதவையை எறியுங்கள், பிறகு விரலை நீட்டி அந்த ஆளையே காட்டிக்கொண்டு நில்லுங்கள். வேறு யார் என்ன கேட்டாலும் கண்ணை எடுக்காதீர்கள். அலைக்கு நடுவில் ஒரு தலை தேங்காய் அளவுகூடத் தெரியாது, கண் சிமிட்டினால் போய்விடும். ராத்திரியில் விழுந்தால் கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் வில்லியம்சன் திருப்பம் போடுவார்கள். ஆள் விழுந்த பக்கமே சுக்கானை முழுசாகத் திருப்பி 60 டிகிரி போனதும் எதிர்ப்பக்கம் மாற்றினால், கப்பல் வந்த பாதையிலேயே திரும்பிவிடும்.

வீட்டாரிடம் திரும்பும் தேதியைச் சொல்லாதீர்கள். பாதுகாப்பு ஒரு காரணம், தேதி மாறும் என்பது அதைவிடப் பெரிய காரணம். இணையம் திடீரென்று நாட்கணக்கில் அணைந்துவிடும் என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பயந்துபோவார்கள்.

பழுதுப் பட்டியல்

பயணம் முழுக்க ஒரு நோட்டில் பழுதுகளை எழுதிவாருங்கள். "பம்ப் சத்தம் போடுது" என்று எழுதினால் டாக்கில் யாரும் தொடமாட்டார்கள். எந்தப் பம்ப், எந்த பேரிங், எந்த வேகத்தில், சூடு எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று இருக்க வேண்டும். திரும்பியதும் இந்த நோட்டிலிருந்துதான் அடுத்த டிரை டாக்கின் வேலைப்பட்டியல் பிறக்கும். என் முதல் பட்டியலில் 43 பழுதுகள், அதில் 31 ஏற்கப்பட்டன. நான்காவது அடியில் நெற்றியில் இடிக்கும் வால்வை இடம் மாற்றும்படி எழுதியிருந்தேன், "அவசியமில்லை" என்று திரும்பி வந்தது. பழைய லைஃப் ஜாக்கெட்டிலிருந்து பஞ்சு எடுத்துச் சுற்றிக் கட்டினேன். புதிதாக வந்த பையனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டேன், நான்காவது அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை.